என்னோடு சேர்த்து நூறு பேர்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. அதை ஓர் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ரிட்டயராயிட்டீங்க, பத்து நாள் கடல் காத்து வாங்கிட்டு வாங்க அத்தான்" என்று நீ அனுப்பிய தீவில் இன்றோடு எனக்கு முப்பத்தாறு நாள். வந்திறங்கியதுமே ஊர்த் தலைவர் ஒரு பெரிய நோட்டை நீட்டினார். வாடகை வீட்டுக்காக்கும் என்று கையெழுத்துப் போட்டேன். அது ஊரில் குடியிருப்பவர்களின் பதிவேடாம்! நூறு பேர் இருந்தால்தான் இங்கே அரசாங்கப் படகு வருமாம். நான் வருவதற்கு முந்தின வாரம் ஒரு பெரியவர் போய்ச்சேர்ந்ததில் தொண்ணூற்றொன்பது. நூறாவது ஆள் நான்! வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து தலை எண்ணப் போகிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியோடு படகுத்துறைக்கு ஓடினேன். படகுக்காரர் என்னைக் கண்டதும் இஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டார். மறுநாளும் போனேன், மறுநாளும் பரப்பினார். காலையும் மாலையும் நர்ஸம்மா வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார். கலங்கரை விளக்கத்தில் இரண்டு படி ஏறியதற்கு, வலை பின்னிக்கொண்டிருந்த நான்கு பேர் அலறியபடி வந்து இறக்கினார்கள். கடலில் குளிக்கப் போனால் என் இடுப்பில் கயிறு, அதன் மறுமுனையில் பள்ளிக்கூட வாத்தியார். "நீங்க வழுக்கி விழுந்தா எங்க படகு போயிடும் சார்!" நேற்று ஒரு தும்மல்தான் போட்டேன், மூன்று வீட்டுக் கம்பளி என்மேல் விழுந்தது. மனுஷனை இப்படியா வைத்துக்கொள்வது என்று நர்ஸம்மாவிடம் கத்தினேன். "படகு நின்னா, நெஞ்சுவலின்னாகூட அக்கரைக்குக் கொண்டுபோக வழியில்ல சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். நியாயம்தான். அதற்காக நான் என்ன கொத்தடிமையா? உடனே புறப்பட்டு வந்து என்னை மீட்டுப் போ. உன் அக்காவிடம் மூச்சுவிடாதே, சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நீ நீண்ட ஆயுளோடு இரு, முதலில் இங்கே வந்து சேர்.

இப்படிக்கு,
சிறைப்பட்டிருக்கும் உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழ். அடுத்த மாதம் என்று சொல்லியிருந்த வாத்தியார் மனைவிக்கு இன்று விடியற்காலையே பிரசவமாகிவிட்டது. இரட்டைக் குழந்தைகள்! ஒன்று பிறந்தாலே நான் தேவையில்லை, இதில் உபரியாக வேறு ஒன்று. பத்து மணிவரை கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படகுக்காரர்தான் வந்தார், வந்ததும் என் பெட்டியைத் தூக்கினார். "இஞ்சின் ஓடுது சார், தாராளமா கெளம்புங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். முப்பது வருஷம் வேலை பார்த்த ஆபீசில் நான் லீவு போட்டால் பக்கத்து மேஜைக்காரனுக்கே தெரியாது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒருவராவது சொன்னது இந்த ஊரில்தான். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நான் கெளம்பமாட்டேன், ஆனதைப் பாத்துக்குங்க!" என்று கதவைச் சாத்திவிட்டேன். நீ வர வேண்டாம். உன் அக்காவைத் துணிமணியோடு அனுப்பிவை.