ரிவர்ஸ் இல்லாத மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு பொய்யாவது சொல்லாமல் வருவதில்லை. நான் சொல்லவில்லை. அந்தப் பொய்யை ஓட்டிக்கொண்டே போனேன்.

தொண்ணூற்றாறில் எனக்கு வயது இருபத்தைந்து. (மூளைக்கு ஒரு பத்து இருக்கலாம்.) திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய ஜப்பான் காரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். இரண்டே கதவு, நீள மூக்கு, சரிந்த முதுகு. அதை ரேஸ் காராக்குவது என்று நானும் மெக்கானிக் செல்வமும் முடிவு செய்தோம். (இரண்டு பேருமே ரேஸைப் பேப்பரில்தான் பார்த்திருந்தோம்.) கனம் கம்மியாக இருக்கவேண்டுமாம். பின் சீட்டைக் கழற்றினோம். டிரைவர் பக்கத்து சீட்டும் போனது. சைலன்சர் போனது. ரேஸ் வண்டி என்றால் அப்படித்தான் என்று கதவுகளை வெல்டிங் வைத்து மூடினான் செல்வம். இனி ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்கவேண்டும். ரிவர்ஸ் கியரில் பல் உடைந்தபோது அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டான்.

"ரேஸ்ல எவன்டா பின்னாடி போவான்?" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் சுமதி. கீழ்பென்னாத்தூர் பெண், டைப்ரைட்டிங் வகுப்புக்காகத் தினமும் திருவண்ணாமலை வருவாள். ஆறு மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஜாதகமும் பொருந்தி, பெண் பார்க்க நாள் குறித்தாயிற்று. அவள் அப்பா பஸ் டிரைவர். என் வண்டியைப் பார்த்ததுமே மனுஷன் அசந்துபோய்ப் பெண்ணைக் கொடுத்துவிடுவார் என்று மனக்கோட்டை கட்டினேன்.

இருந்தது ஒரே சீட்டு. எனவே மாப்பிள்ளை காரிலும், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பூவும் பழமுமாக டவுன் பஸ்ஸிலும் போனோம். "நல்லா வருவடா" என்றார் அப்பா. வாழ்த்து மாதிரி தெரியவில்லை.

சுமதி வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில். வழியெல்லாம் ஓரமாக வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். என் வண்டி போட்ட சத்தத்தில் நாய்கள் தெறித்து ஓடின. புகை மொத்தமும் கடலைமேல் படிந்தது. "அடப்பாவி, மல்லாட்ட மேல கரிய ஊத்தறானே!" என்று ஒரு அம்மாள் கத்தியதுதான் முதல் வரவேற்பு. பட்டு வேட்டியோடு ஜன்னல் வழியாக இறங்கினேன். நான் முழுசாக இறங்கிவிட்டேன். வேட்டி பாதிதான் இறங்கியது.

சுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு காபி கொடுத்தாள். நான் ஒரு வாய் குடிப்பதற்குள் சந்து முனையில் கடலை மூட்டை ஏற்ற ஒரு டிராக்டர் வந்து நின்றது.

"தம்பி, வண்டிய கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க" என்றார் அவள் அப்பா.

"ரிவர்ஸ் இல்லீங்க."

"வுழ மாட்டேங்குதா?"

"இல்லீங்க... கழட்டிட்டோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரேக் இல்லாத பஸ்ஸக்கூட ஓட்டியிருக்கேன். ரிவர்ஸ வேணும்னே கழட்டனவன இன்னிக்குத்தாங்க பாக்கறேன்!"

போச்சு, எல்லாம் போச்சு. ஆறு மாதம் கால் கடுக்க நின்றதெல்லாம் வீண். நிஜமாகவே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் வண்டி வெளியே போயாகவேண்டுமே! அப்பா, அவள் அப்பா, கடலைக்கார அம்மாள் எல்லோரும் மூக்குப் பக்கம் நின்று தள்ளினோம். ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளில்லை. சுமதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டு, பின்னால் பார்த்தபடியே திருப்பினாள். ஒரு கடலைகூட நசுங்கவில்லை. ஆறு மாதம் கழித்து என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை: "இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தள்ளுங்க!"

டிராக்டர்கூட ரிவர்ஸில் போய் எங்களுக்கு வழிவிட்டது.

தெரு முனையில், மூச்சு வாங்கிக்கொண்டே அவள் அப்பா கேட்டார்: "இன்னாம்மா சொல்ற?"

"ஆளு பரவால்லப்பா. வண்டி வேணாம்."

அந்தக் கார் ஒரு ரேஸைக்கூடப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போனது. செல்வம் அழுத அழுகை! என் கல்யாணத்தன்றுகூட அவன் முகம் தெளியவில்லை.

இப்போது எங்களிடம் இருப்பது ஐந்து கியரும் ரிவர்ஸும் உள்ள ஒழுங்கான கார். ஆனாலும் பின்னால் எடுக்கவேண்டிய இடம் வந்தால், சுமதி இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்து நிற்பாள். நான் இறங்கிக்கொள்வேன். பின் சீட்டிலிருந்து என் மகள் தலையை நீட்டி, "அப்பா, சும்மா நிக்காத. முன்னாடி போய்த் தள்ளு" என்பாள்.