ஸ்தனிஸ்லாஸுக்கு 'இல்லை' கற்பித்த கல்லூரி

கல்லூரிகள் அறிவைப் புகட்டுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால், ஒரு மனிதனின் இரத்தத்தில் ஊறிப்போன பெருங்குறையைக் கண்டுபிடித்து, அதற்கென்று குழு அமைத்து, அறிக்கை எழுதி, அடியோடு பிடுங்கி எறிந்த பெருமை, இந்தப் பூமியிலேயே தர்மபுரிப் பக்கத்திலுள்ள ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் உண்டு. அந்தக் கல்லூரியின் வாசல் வளைவில் 'கொடுப்பதற்காகக் கற்போம்' என்று சிமெண்டு எழுத்தில் பொறித்திருக்கும். பிடுங்கி எறியப்பட்ட குறையும் அந்தக் கொடுக்கும் குணம்தான்.

குறைக்குச் சொந்தக்காரன் ஸ்தனிஸ்லாஸ். பாலக்கோட்டுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் கேழ்வரகும் தக்காளியும் போடுகிற வியாகுலத்தின் மகன். ஆறேகால் அடி உயரம். சொந்த வீட்டு நிலைவாசலிலேயே தினமும் தலையை இடித்துக்கொண்டு, யாரையோ இடித்துவிட்டவன் போல வருத்தப்படுவான். அவன் தாய் லூர்தம்மாள், "ஒருத்தரு வந்து கேக்கறதுக்குள்ள எத்தினி கூச்சப்பட்டிருப்பாங்க சாமி? அதுக்கு மேலயும் நாம அவங்களக் காக்க வெக்கலாமா?" என்று சொல்லியே வளர்த்தாள். அந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல், மழையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் வரும்.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. தனி மாவட்டம் கிடைத்துவிட்டது. கூடைப்பந்துக் கோப்பை மட்டும் இன்னும் சேலத்துக் கல்லூரியிலேயே இருந்தது. இந்த 'மாபெரும் அநீதி' தர்மபுரிக் கல்லூரி முதல்வர் ராஜப்பனைத் தூங்கவிடவில்லை. ஆகவே அவர் பஸ்ஸில் தூங்கினார். அப்படித் தூங்கிக்கொண்டே போன ஒரு நாள், பாலக்கோடு பஸ் நிலையத்தில் கண்விழித்தார். சன்னலுக்கு வெளியே ஒரு வாலிபன் தரையில் நின்றபடியே, ஏணியைத் தொடாமல், பஸ் கூரையிலிருந்து தக்காளிக் கூடைகளை எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, ஏணியில ஏறமாட்டியா?" என்றார் முதல்வர்.

"எதுக்குங்க?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

முதல்வருக்கு மெய்சிலிர்த்தது. "படிச்சிருக்கியா?"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க. மேல படிச்சு வாத்தியாராவணும்னு ஆசைங்க. வூட்ல அதுக்கு வசதிப்படலீங்க."

"பந்து ஆடுவியா?"

"எந்தப் பந்துங்க?"

"எந்தப் பந்தா இருந்தா என்ன? வா!"

இப்படியாக, கடுமையான தேர்வுமுறைக்குப் பின், ஸ்தனிஸ்லாஸ் புகுமுக வகுப்பில் சேர்க்கப்பட்டான். கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டாம், விடுதிச் சாப்பாடு இலவசம். நிபந்தனை ஒன்றுதான். கோப்பைக்கான ஆட்டத்தில் சேலத்தை வெல்ல வேண்டும். தோற்றால் கல்லூரியில் இடம் போய்விடும். அவனுடைய ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். மிதித்த காலை எடுக்காமல் இருக்க அவன் எதையும் செய்யத் தயாராக இருந்தான்.

அவனுக்குப் பயிற்சி தந்தவர் உடற்பயிற்சி ஆசிரியர் தீர்த்தகிரி. சென்னையில் நடந்த கூடைப்பந்து முகாமுக்குக் கல்லூரிச் செலவில் போய், வயிற்றுக் கோளாறினால் பாதியில் திரும்பியவர். ஆகவே ஆட்டத்தின் முற்பகுதியை அவர் கரைத்துக் குடித்திருந்தார். கல்லூரியில் பந்து ஒன்றுதான் இருந்தது. அதை ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்து, மாணவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து, விசிலை ஊதினார்.

எதிர்க்கட்சியில் நின்ற ஒருவன் கையை நீட்டி, "இங்க குடு" என்றான்.

ஸ்தனிஸ்லாஸ் கொடுத்தான்.

அவன் ஓடிப்போய்ப் பந்தை வளையத்தில் போட்டான். மறுபடி பந்து வந்தது. வேறொருவன், "அண்ணே, எனக்கு" என்றான். அவனுக்கும் கிடைத்தது. பாரபட்சமே இல்லை.

"டேய், ஏண்டா குடுத்தே?" தீர்த்தகிரி தலையில் கை வைத்தார்.

"கேட்டாங்க சார்."

"அவன் எதிரிடா!"

ஸ்தனிஸ்லாஸ் அவனைத் திரும்பிப் பார்த்தான். "இல்லீங்க சார். காலையில எங்கூடத்தான் இட்டிலி சாப்பிட்டாப்ல."

சேதி முதல்வரை எட்டியதும் அவசரக் கூட்டம் கூடியது. முதல்வர், தீர்த்தகிரி, தமிழ்ப் பேராசிரியர் மாதையன் ஆகிய மூவரைக் கொண்டு 'கொடைநோய் ஒழிப்புத் துணைக் குழு' அமைக்கப்பட்டது. நோயின் மூலத்தை மாதையன் விளக்கினார்.

"இது பையன் குத்தமில்லீங்க. மண்ணோட கோளாறு. நம்ம அதியமான்கோட்டைப் பக்கம் ஆண்ட மன்னன் என்ன பண்ணினான்? தின்னா சாவே நெருங்காத நெல்லிக்கனி. அதைத் தான் தின்னாம எடுத்துக் குடுத்துட்டான்!"

முதல்வர் நீண்ட நேரம் யோசித்தார். "அந்த மன்னர் கூடைப்பந்து ஆடியிருந்தா ஒரு ஆட்டங்கூட ஜெயிச்சிருக்க மாட்டார்" என்று வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார். அது அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றப்பட்டது.

மறுநாள் 'மறுப்புப் பயிற்சி' தொடங்கியது. ஸ்தனிஸ்லாஸ் பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏதாவது கேட்பார்கள். அவன் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். முதலில் மாதையன் பென்சில் கேட்டார். ஸ்தனிஸ்லாஸின் உதடு துடித்தது. நெற்றி வேர்த்தது. "இ... இ... இந்தாங்க சார்" என்று நீட்டிவிட்டான்.

"அடுத்த முறை பல்லைக் கடிச்சுக்கோ" என்றார் தீர்த்தகிரி.

பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரங்கழிச்சுத் தரட்டுங்களா?" என்றான். முன்னேற்றம் தெரிந்தது. சில வாரங்களில் பென்சிலை மறுத்தான், குடையை மறுத்தான், தீப்பெட்டியை மறுத்தான். ஒரு நாள் உச்சி வெயிலில் மாதையன் தள்ளாடி வந்து மரத்தடியில் சாய்ந்து, "தம்பி, தண்ணி... உயிர் போவுது. இது பயிற்சி இல்லப்பா, நெசமாவே கேக்கறேன்" என்றார். ஸ்தனிஸ்லாஸ் பதறிப்போய்ச் சொம்பை எடுத்தான். உடனே அவர் எழுந்து உட்கார்ந்து, "தோல்வி!" என்று அறிவித்தார். மறுநாள் அதே நேரத்தில் அதே பேராசிரியருக்கு அதே போல உயிர் போயிற்று. ஸ்தனிஸ்லாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இல்லீங்க" என்றான். அவன் கன்னத்தில் நீர் வழிந்தது. குழு அதை 'வியர்வை' என்று பதிவு செய்தது.

இறுதித் தேர்வை அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை. அது தானாகவே பஸ் ஏறி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு லூர்தம்மாள் மகனைப் பார்க்க வந்தாள். மடியில் வறுத்த நிலக்கடலை. வேப்பமரத்தடியில் பந்தோடு நின்ற மகனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இதானா சாமி அந்தப் பந்து? நம்ம வூட்டுப் பூசணிக்கா கணக்கா இருக்குது. குடு, ஒரு தடவ கையில வெச்சுப் பாக்கறேன்."

மரத்துக்குப் பின்னால் துணைக் குழு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இல்ல ஆத்தா" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

லூர்தம்மாள் நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே கடலையை அள்ளி அவன் சட்டைப் பையில் போட்டாள். "செரி சாமி, நீயே வெச்சுக்கோ. ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். துணைக் குழுவினர் ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டதில், வந்தவளுக்கு உட்கார இடம் காட்ட யாருக்கும் நேரமில்லை. வாசலில் டீக்கடை வைத்திருந்த தாவூது பாய்தான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கேட்காமலேயே ஒரு டீயை நீட்டினார். கல்லூரியில் படிக்காதவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆட்ட நாள் வந்தது. சேலத்து வீரர்களுக்கு ஸ்தனிஸ்லாஸின் பழைய கதை எட்டியிருந்தது. ஆகவே அவர்கள் வியூகம் எதுவும் வகுக்காமல், மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"அண்ணே, பந்தை இப்படிக் குடுங்கண்ணே" என்றான் அவர்களில் குட்டையான ஒருவன்.

"இல்லீங்க" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

சேலம் திகைத்தது. ஸ்தனிஸ்லாஸ் எம்பக்கூட இல்லை. கூரையில் கூடை வைப்பதுபோல் பந்தை வளையத்தில் வைத்தான். சேலம் எறிந்த பந்தையும் வளையத்தருகிலேயே பறித்துக்கொண்டான். "இங்க போடுடா ஸ்தனிஸு!" என்று சொந்தக் கட்சியினர் கத்தினார்கள். அவர்களுக்கும் "இல்லீங்க"தான். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இடைவேளையில் கல்லூரி மலைபோல முன்னணியில் இருந்தது. முதல்வர் கோப்பையை வைக்க அலமாரியைத் துடைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் ஆட்டத்தைத் 'தொடங்கி வைக்க' முக்கிய விருந்தினர் வந்தார். கல்லூரிக்கு ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாக வருஷா வருஷம் தவறாமல் வாக்களித்து வருபவர். அதனால் 'வள்ளல்' என்று அழைக்கப்படுபவர். அவர் பந்தை எறிய வேண்டும். புகைப்படம் எடுக்க வேண்டும். பந்தோ ஸ்தனிஸ்லாஸின் கையில்.

"பந்தைக் குடுப்பா" என்றார் முதல்வர்.

"இல்லீங்க சார்."

"இது பயிற்சி இல்லப்பா, நெசமாவே கேக்கறேன்."

"பயிற்சியிலயும் இப்படித்தான் சொன்னீங்க சார்."

மாதையன் கேட்டார். தீர்த்தகிரி இழுத்துப் பார்த்தார். பயிற்சி அவ்வளவு சிறந்த பயிற்சி, பந்து அசையவில்லை. கடைசியில் விருந்தினருக்குப் போட்ட மாலையோடு வந்த எலுமிச்சம்பழத்தையே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும்படி ஆயிற்று. அது வளையத்தைத் தவிர்த்துவிட்டு நடுவரின் வலது கண்ணில் விழுந்தது. வள்ளல் முகம் சிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கண்ணோடு நடுவர் விசில் ஊதினார்.

ஆட்டம் கொஞ்சம் நகர்ந்ததும், "அண்ணே" என்று கேட்ட அந்தக் குட்டைப் பையன் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். கெண்டைக்கால் கட்டையாக இறுகியிருந்தது. நடுவரின் வலப்பக்கம் விழுந்ததால் அவர் பார்க்கவில்லை. பையன் பந்தைக் கேட்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு, "தண்ணி" என்றான்.

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு, இத்தனை மாதம் கட்டிக்காத்த பந்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, தாவூது பாயின் பானையை நோக்கி ஓடினான்.

"பந்து! பந்துடா!" என்று தீர்த்தகிரி அலறினார். சேலத்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் பையனுக்குத் தண்ணீர் கொடுத்து, காலை நீவிவிட்டு, எழுப்பி நிறுத்தினான். அதோடு அவனுக்குள் ஏதோ ஒரு மூடி திறந்துகொண்டது. திரும்பி வந்தவன் கேட்டவர்களுக்கெல்லாம் முகம் மலரக் கொடுத்தான். சொந்தக் கட்சிக்கும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். அவர்கள்தான் கேட்பதை விட்டிருந்தார்களே! கேட்டதெல்லாம் சேலம். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் கோப்பை மறுபடியும் சேலத்துக்கே பஸ் ஏறியது.

மறுநாள் முதல்வர் அறையில் விசாரணை. குற்றச்சாட்டுகளை மாதையன் வாசித்தார். ஒன்று, விருந்தினர் கேட்டும் பந்தைக் கொடுக்காதது. இரண்டு, எதிரி கேட்டதும் தண்ணீரைக் கொடுத்தது.

"எனக்கு உயிர் போறப்போ தண்ணி இல்லேன்னு சொன்னியேப்பா, அவனுக்கு மட்டும் ஏன் குடுத்தே?" என்றார் மனம் புண்பட்டு.

"உங்களுக்குப் பரீட்சைங்க சார். அந்தப் பையனுக்குத் தாகம்ங்க."

"வாயைப் பாரு!" என்றார் தீர்த்தகிரி.

ஸ்தனிஸ்லாஸ் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடியே நின்றான். அவன் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, கொடுத்துத்தான் பழக்கம். முதல்முறையாகக் கையை நீட்டினான்.

"சார், பந்து வேண்டாங்க. விடுதிச் சோறும் வேண்டாங்க. தக்காளிக் கூடை எறக்கியாவது சம்பளம் கட்டிடறேன். வகுப்புல ஒக்கார எடம் மட்டும் குடுங்க சார்."

"இல்லை" என்றார் முதல்வர்.

பல்லைக் கடிக்கவில்லை. நெற்றி வேர்க்கவில்லை. உதடு துடிக்கவில்லை. "இல்லை" என்றார் மாதையன், அதைவிட இனிமையாக. "இல்லவே இல்லை" என்றார் தீர்த்தகிரி.

வாசல் வளைவின் கீழே ஸ்தனிஸ்லாஸ் டிரங்குப் பெட்டியோடு வந்தபோது, தாவூது பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"காசு இல்லீங்க பாய்."

"நான் கேட்டனா? ஒக்காந்து குடி தம்பி."

ஸ்தனிஸ்லாஸ் டீயைக் குடித்துவிட்டு, சட்டைப் பையில் மிச்சமிருந்த நிலக்கடலையை எடுத்து அவருக்குப் பாதி கொடுத்தான். பிறகு பாலக்கோட்டு பஸ்ஸில் ஏறினான்.

கல்லூரியின் பெருமையில் எனக்குச் சந்தேகம் ஒன்றுமில்லை. விளங்காதது ஒன்றே ஒன்றுதான். கேட்டவனுக்கு இத்தனை சுலபமாக 'இல்லை' சொல்லக்கூடிய தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூன்று பேரைத் தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அந்தக் கல்லூரி எதற்காகப் பாலக்கோடு பஸ் நிலையம் வரை ஆள் தேடிப் போயிற்று?