கேம்பர் வானுக்குக் காவல்

மவுண்ட் ரோஸ்கில் வீட்டு டிரைவ்வேயில், குளிர்காலத்துக்காக மூடி நிறுத்தியிருந்த கேம்பர் வானுக்குள்ளிருந்து செல்வரத்தினம் தலையை நீட்டினார்.

"இஞ்சரும், எலி வந்திட்டுது!"

சாந்தகுமாரி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். மெத்தையில் நாலைந்து புழுக்கைகள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய கணவர், ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய வான். கோடையில் இருவரும் அதிலேயே சமைத்துப் படுத்துத் தெற்குத் தீவைச் சுற்றிவருவதாகத் திட்டம். எலி வயரைக் கடித்தால் எல்லாம் போச்சு.

முதலில் எலியை விரட்டப் பெப்பர்மிண்ட் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்தார். போத்தல் மெத்தையில் கவிழ்ந்தது. உள்ளே போனவர்கள் அந்த நெடியில் கண்ணீரோடு திரும்பினார்கள். மெத்தை காயட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பூனை ஏறிக்கொண்டது.

"நல்லதாப் போச்சு. பூனை எலியைப் பிடிக்கும்."

பூனை அலுமாரிக்குள் நாலு குட்டி போட்டது.

பக்கத்து வீட்டுக்காரி வந்து பூனையையும் குட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனதும், பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளால் கண்ணில் பட்ட ஓட்டையெல்லாம் அடைத்தார். சிங்க் தண்ணீர் வெளியேறும் குழாயும் அதில் அடக்கம். கை கழுவிய தண்ணீர் காலை நனைத்தது.

"இனி நானே காவல் இருக்கிறன்," என்றார்.

மத்தியானம் சாந்தகுமாரி தேத்தண்ணி கொண்டுபோனாள். மழை பிடித்துக்கொண்டது. திரும்ப முடியாமல் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

கூரையில் மழை மெத்து மெத்தென்று தட்டியது. கண்ணாடியில் ஆவி படிந்து வீடு கரைந்தது, வேலி கரைந்தது, தெருவும் கரைந்தது. வெள்ளை மட்டும் மிச்சம். வான் நின்ற இடத்திலேயே மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

"இப்ப எங்க நிக்கிறம், சொல்லும்?" என்றார் செல்வரத்தினம்.

"தெற்குத் தீவில, டெக்காப்போ ஏரிக்கரையில."

"குளிருதோ?"

"ஓம். அந்தப் போர்வையைத் தாங்கோ."

மறுநாள் வனாகா ஏரி. அதற்கடுத்த நாள் பெயர் தெரியாத ஒரு கடற்கரை. வீட்டில் அவருக்கு டிவி, அவளுக்குப் போன் என்று வருடக்கணக்கில் பேசாமல் விட்டதெல்லாம் அந்தச் சின்ன மேசைக்கு வந்து சேர்ந்தது. எலிச் சத்தம் கேட்டதா என்று அவர் கேட்டால், "இப்பதான் என்னவோ ஓடினமாதிரிக் கிடந்தது," என்பாள்.

இப்படியே மூன்று வாரம். கிளென்ஃபீல்டிலிருந்து மகள் பிரணவி போன் எடுத்தாள்.

"இனாஃப், அம்மா! எலி பிடிக்கிற பெஸ்ட் கண்ட்ரோல் ஆளை புக் பண்ணிட்டன்."

மறுநாள் யசீகரன் வந்தார். செல்வரத்தினம் அப்போதுதான் பால் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குக் கிளம்பியிருந்தார். யசீகரன் டோர்ச்சோடு சீட்டுக்கடியிலெல்லாம் தவழ்ந்து பார்த்துவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, ஒரு எலியும் இல்லை. அது பழைய புழுக்கை. கன நாளா இஞ்ச ஒண்டும் வரேல்லை."

சாந்தகுமாரி அந்தச் சின்ன மேசையைப் பார்த்தாள். எலி இல்லையென்றால் காவல் எதற்கு? நாளையிலிருந்து மறுபடி டிவி, மறுபடி போன். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அவரிட்ட மட்டும் சொல்லிப்போடாதேயும். எலி இருக்கு, இன்னும் ஒரு மாதமாவது காவல் இருக்கவேணும் எண்டு சொல்லும்."

யசீகரன் டோர்ச்சை அணைத்தார்.

"நான் வரேக்க கேற்றடியில மறிச்சு, எலி இல்லாட்டியும் இருக்கெண்டு உங்களிட்டச் சொல்லச் சொல்லித்தான் அண்ணையும் கெஞ்சினவர், அக்கா."