கண்ணாடி போடாமல் கேட்ட கச்சேரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உன் உடம்பும், அத்தான் உடம்பும், அத்தானின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே நீ தீர்ப்புச் சொல்லிவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்ட முடியும்.

மூன்று மாதத்துக்கு முன் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பொண்ணு விஷயத்துல மட்டும் இளகிடாதே. கண் டாக்டருக்குத்தான் படிக்கணும்னு கறாரா சொல்லு" என்றாய். கறாராகத்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்தவன், கடைக்கு மேல் மாடியில் மகள் டாக்டராக உட்கார்ந்து சீட்டு எழுதவேண்டும், அதை வாங்கிக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குக் கீழே நான் கண்ணாடி மாட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு. அவளோ சவுண்ட் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று நின்றாள். "மைக் செட்டு கட்டறதுக்கு ஒரு படிப்பா" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் எல்லாமே சின்னவன் மூலமாகத்தான். "அப்பாவ மோட்டார நிறுத்தச் சொல்லு" என்பாள் அவள், நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. அவன் என் பக்கம் திரும்பி அதையே மறுபடி ஒருமுறை சொல்வான். பதினாலு வயதில் அவனுக்கு இவ்வளவு உத்தியோகம் ஆகாது.

இந்த நேரத்தில்தான் நம் நால்வர் குழு இங்கே மைதானத்தில் கச்சேரி செய்யப்போவதாக விளம்பரம் வந்தது. உனக்கு நினைவிருக்கும், தொண்ணூறுகளில் நீயும் நானும் ஒரே கேசட்டை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டோமே, அதே இங்கிலீஷ் ராக் குழு. பிரிந்து போய் இருபது வருடம் கழித்து மறுபடி ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். அவர்களே ஒன்று சேரும்போது நானும் என் மகளும் சேரக்கூடாதா என்று தோன்றியது. எனக்கும் பிள்ளைகள் இருவருக்குமாக மூன்று டிக்கெட் எடுத்தேன். என் மனைவி, "எனக்குக் காது இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். மூத்தவள் தூதர் வழியாக, "வரேன்னு சொல்லு. ஸ்பீக்கர் பாக்கறதுக்கு" என்று பதில் அனுப்பினாள்.

கல்லூரிக் காலத்துக் கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். அது பெட்டியில் இருந்தே சுருங்கியிருக்கிறது என்றேன். சின்னவன் வேறு மாதிரி சொன்னான், அதை எழுதப்போவதில்லை. அந்த ஜாக்கெட்டுக்கு என் இரண்டு-பார்வைக் கண்ணாடி பொருந்தவில்லை. இருபது வயதில் நான் கண்ணாடி போட்டதில்லை, ஆகையால் இன்றும் வேண்டாம் என்று அதை மேசை மேலேயே வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு, "கண்ணாடி இல்லாம வெளிய போகாதீங்க" என்று சொல்கிற வாய் இது.

கண்ணாடி இல்லாததால் டிரைவர் வைத்துக் காரில் போய், நாலரை மணி வெயிலில் நின்றோம். எங்கு பார்த்தாலும் என் வயது ஆட்கள். எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தங்களை யாரோ கடத்தி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு மேடையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. "சின்னவனே, யார் யார் நிக்கறாங்கன்னு பாத்துச் சொல்லு" என்றேன். "நாலு பேர் நிக்கறாங்கப்பா" என்றான். அது எனக்குப் போதுமாக இருந்தது. முதல் பாட்டின் கிட்டார் கிளம்பியதும் அக்கா, நான் அழுதுவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். பாடகர் ஆளே மாறவில்லை. அதே முடி, அதே குதியாட்டம். அறுபது வயதுக்காரர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே பாடுகிறார், மூச்சு வாங்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே ஆடியதற்கு எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டில் ஏதோ கட்டுப்பாடு வைத்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாவது பாட்டில் மானம் போயிற்று. காரணம் நீதான். சுருக்கெழுத்துப் பரீட்சைக்குப் படித்தபோது நம் கேசட்டின் நடுவில் உன் வாத்தியார் கடிதம் சொல்லும் குரலைப் பதிவு செய்தாயே. முப்பது வருடமாக எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் பதிந்திருக்கிறது. கிட்டார் உச்சத்துக்குப் போய் ஒரு நொடி நின்றதும், என்னை அறியாமல், "ஐயா, தங்கள் பதினேழாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்று கத்திவிட்டேன். சுற்றிலும் பத்துப் பேர் திரும்பினார்கள். சின்னவன் நாலடி தள்ளிப் போய் வேறு ஒரு குடும்பத்தோடு நின்றுகொண்டான். மூத்தவள் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். இரண்டு மாதத்தில் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அதற்கு அடுத்த பாட்டின் நடுவில் மைதானமே கிழிகிற மாதிரி ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு கூவல். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நாங்கள் நின்றது மைதானத்துக்கு நடுவே தடுப்பு கட்டி மிக்ஸர் மேசை போட்டிருந்த இடத்தை ஒட்டி. அங்கே சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். ஹெட்போனை அவசரமாகக் கழற்றும்போது கண்ணாடியின் ஒரு கால் தனியாகக் கழன்று வந்துவிட்டது. மேசையில் நூறு பட்டன், ஒவ்வொன்றுக்கும் கீழே எறும்பு சைஸில் எழுத்து. அந்த அம்மா மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார். உதவியாள் மேடைப் பக்கம் ஓடியிருந்தான்.

மூத்தவள் தடுப்புக்கு மேல் எம்பி, "மேடம், பாடறவர் மைக்லருந்துதான் வருது. இடது ஸ்பீக்கருக்கு முன்னாடி வந்து நிக்கறாரு" என்றாள்.

"எனக்கு எழுத்தே தெரியல. உனக்குத் தெரியுதா?"

"தெரியுது. உள்ள வரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தாண்டிவிட்டாள். எழுத்தைப் படித்து, எதையோ மெல்ல இறக்கினாள். கூவல் நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில், எது எங்கே தப்பாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது.

நான் சும்மா நிற்பேனா. "கண்ணாடிய இப்படிக் குடுங்கம்மா" என்று கையை நீட்டினேன். சாவிக்கொத்தில் சின்ன ஸ்க்ரூடிரைவர், பர்ஸில் நாலு திருகு, என்னிடம் எப்போதும் இருக்கும். கண் தெரியாதவன் கண் தெரியாதவருக்குக் கண்ணாடி பூட்டிய கதை இதுதான். விரலால் தடவியே முடுக்கிக் கொடுத்துவிட்டேன். அதுவரைக்கும் ஒன்றரைப் பாட்டு முழுவதும் அந்த அம்மா சொல்லச் சொல்ல மூத்தவள்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்மா, "உங்க பொண்ணா? நல்ல காது சார். இது சொல்லிக் குடுத்து வராது" என்றார். கடையில் நான் எத்தனையோ பேருக்கு, "உங்க பொண்ணுக்கு நல்ல கண்ணு" என்று சொல்லியிருக்கிறேன். அது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஆறேகாலுக்கு எல்லாம் முடிந்து விளக்குப் போட்டார்கள். "கூட்டம் கிளம்பறதுக்குள்ள வண்டிய எடுத்துடலாம்" என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நிஜமாவே போலாமாப்பா?" என்று மூத்தவள் கேட்டாள். தூதர் இல்லாமல், நேரே என்னிடம். அந்த மகிழ்ச்சியில், "வா, போலாம்" என்று நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தேன். வண்டிகள் நிறுத்துமிடத்தில் எங்கள் வண்டி மட்டும்தான் கிளம்பியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காரில் வரும்போது, "விண்ணப்பம் எப்ப கடைசி நாள்" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "மைக் செட்டுக்கு" என்றேன். போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமைப்பா. உங்க கையெழுத்து வேணும்" என்றாள். அவள் பக்கத்திலிருந்து சின்னவன், "அப்ப நான் இனிமே எதையும் ரெண்டு தடவ சொல்ல வேண்டாமா" என்றான். மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன் அக்கா. இளகித்தான் போனேன். மாடிக்கு வேறு டாக்டர் பார்த்துக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதானால் திட்டு, அவளிடம் மட்டும் நல்ல வார்த்தை சொல். எப்படியானாலும் நம் நால்வரை உயிரோடு, அதே இளமையோடு, கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த நிறைவு எனக்குப் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள், ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே. உன் ஆசீர்வாதம் எங்கள் எல்லோருக்கும் வேண்டும், என் முழங்காலுக்குக் கூடுதலாக.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உனக்குக் காட்டுவதற்காக டிக்கெட்டை இந்த உறையிலேயே வைக்கலாம் என்று எடுத்தேன். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன். ஐந்து மணிக்கு, அவர்கள் பாட்டுகளை அவர்கள் மாதிரியே வேடம் போட்டுப் பாடும் இளைஞர் குழு என்றும், ஏழு மணிக்கு அந்த நால்வர் என்றும் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருவருக்கும் முதலிலிருந்தே தெரியுமாம். "இன்னும் ரெண்டு மணி நேரம் நீங்க ஆடியிருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம்" என்கிறான் சின்னவன். மூத்தவள், "நீங்க அழுதுட்டிருந்தீங்கப்பா, அப்ப போய் எப்படிச் சொல்றது? நல்லாத்தானே பாடினாங்க" என்கிறாள். உண்மைதான், நன்றாகத்தான் பாடினார்கள். ஆகவே மேலே நால்வர் என்று வரும் இடத்திலெல்லாம் வேறு நால்வர் என்று திருத்திப் படித்துக்கொள். மகளைப் பற்றி எழுதியதில் திருத்தம் எதுவும் இல்லை.