மின்னல்ராஜாவுக்குக் கட்டில் காலியில்லை

"உனக்குப் பொறுமைங்கிறதே கிடையாது. பால் பொங்கறதுக்கு முன்னாடியே அடுப்பை அணைக்கிற ஆள் நீ. அஞ்சு நாள் ஒரே இடத்துல, ஆறு பொம்பளைங்களோட உன்னால உட்கார முடியுமா? ரெண்டாம் நாளே சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்து நிப்பே. அந்த அசிங்கம் உனக்கு வேண்டாம்னுதான் சொல்றேன்."

ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், இதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது. சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் வலது பக்கம் துடைத்தார். இடது பக்கம் துடைத்தார். மாட்டிக்கொண்டார். தனக்கு ஏதோ பிரமாதமாகத் தோன்றிவிட்டால் இவர் கண்ணாடியைத் துடைப்பார். கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் கண்ணாடி என்னவோ பளபளவென்றுதான் இருக்கிறது. வெளிவந்த பிரமாதங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் சின்னது. என்னோடு கான்வென்ட்டில் படித்தவர்கள் ஒரு ஏரிக்கரையில் வீடு பிடித்திருந்தார்கள். ஐந்து நாள். என்னைச் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருத்தி, பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், நெடுநெடுவென்று வளர்ந்ததால் கொக்கு என்று பெயர் வாங்கியவள், பத்தொன்பது வருஷம் கழித்துக் கடல் தாண்டி வருகிறாள். அவளை நான் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இவர் போகாதே என்று தடுக்கிற ரகம் இல்லை. அப்படிச் சொன்னால் எனக்கு வேலை சுலபம். சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன். நான் பெட்டியை இறக்கினால் இவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். போன வருஷம் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் என்று கிளம்பினேன். பதினோரு போன். சர்க்கரை டப்பா எங்கே. துண்டு எங்கே. காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது, தெர்மாமீட்டர் எங்கே. தெர்மாமீட்டர் கிடைத்ததும் அதை வாயில் வைத்தபடியே இன்னொரு போன். முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் காய்ச்சல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

இவருக்குப் பல் கட்டுகிற தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகுகிற வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, மெழுகு வைத்து, பல் பதித்து, ராவி ராவி மெருகேற்றுவார். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை அரை நாள் ராவுவார். அதனால் பொறுமை என்பது தன் பெயரில் பதிவான சொத்து என்று ஒரு நினைப்பு. ஊரார் வாயெல்லாம் கட்டியாயிற்று, பெண்டாட்டி வாயைத்தான் கட்ட முடியவில்லை என்பது ஒன்றே அவருக்குக் குறை.

அந்த முக்கால் மணி நேரக் காத்திருப்பில்தான் இவருக்கு அந்த விளையாட்டு பிடித்துக்கொண்டது. போனில் ஜந்துச் சண்டை. ஆளுக்கு மூன்று ஜந்துக்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான் களத்தில் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் ரகசியமாக ஒரு பட்டனை அமுக்க வேண்டும். மணி அடித்த முதல் சுற்றில் மட்டும் இரண்டு ஜந்துக்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எது வேகமோ அதற்கே முதல் அடி.

இவருடைய செல்லப்பிள்ளையின் பெயர் மின்னல்ராஜா. தட்டான்பூச்சி மாதிரி இருக்கும். அதைவிட வேகமான ஜந்து அந்த விளையாட்டிலேயே கிடையாதாம். ஒரே அடி, எதிரில் நிற்பது காலி. ஆனால் உடம்பு சோப்புக்குமிழி. யாராவது பக்கத்தில் நின்று தும்மினால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். "நாம அடி வாங்கறதுக்கு முன்னாடி அடிச்சு முடிச்சுடணும். எந்த பட்டனை எப்ப அமுக்கறதுங்கறது ஒரு கலை" என்று என்னிடம் பாடம் எடுப்பார். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். சுருக்கென்று ஒன்று சொல்லிவிட்டுப் பறப்பது, பதிலுக்கு ஒரு வார்த்தை பட்டால் சுருண்டு படுத்துக்கொள்வது. இந்த ஜந்துவை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றும்.

பொறுமை இல்லாதவள் என்று இவர் சொன்ன அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பூச்சியோடு நானே ஆடிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். இவர் சிரித்தார். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ என்னை ஜெயிக்கவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரே ஆட்டம், இருபது நிமிஷம். அதுக்குள்ள நான் உன்னை ஜெயிக்கலைன்னா, நீ பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. வயித்து வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, ஒரு போன் கிடையாது."

"ஜெயிச்சுட்டா?"

"ஏரியைப் படத்துல பாத்துக்கோ."

ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த மாடி வீட்டு நர்ஸ் வாசலில் நின்று இதை முழுசாகக் கேட்டாள். சாட்சிக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த விளையாட்டில் இவரிடம் பதினாலு தடவை தோற்றவள் அவள்.

அன்றைக்கே என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். எனக்குக் கிடைத்தவை ஒரு நண்டு, கம்பளி மாதிரி ஒன்று, பிறகு உருண்டையாக, கனமாக, எழுந்து நிற்பதற்கே யோசிக்கிற ஒரு ஜந்து. அதற்குப் பூசணி என்று பெயர் வைத்தேன். அதற்கு 'இளைப்பாறு' என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் வாங்கிய அடியெல்லாம் ஆறிவிடும். அந்த வசதி எனக்கு இந்த வீட்டில் இதுவரை யாரும் செய்து தரவில்லை.

பயிற்சிக்கு இவரே தாராளமாக ஒத்துக்கொண்டார். ஐந்து ஆட்டம் ஆடினோம். ஐந்தும் சேர்த்துப் பதினோரு நிமிஷம். இவர் முதலில் தகரம் என்று ஒரு ஆமையை நிறுத்துவார். கிழட்டு ஆமை. இவருடைய மூன்றாவது ஜந்துவும் அதே ரகம்தான். சும்மா கடிக்கும். நான் அதன்மேல் இருபத்துநாலு வருஷக் கோபத்தோடு பாய்ந்து மொத்துவேன். ஆமை மல்லாக்க விழும். எனக்கு மனசு குளிரும். குளிர்ந்து முடிவதற்குள் மின்னல்ராஜா வந்து மூன்றே அடியில் என் மூன்றையும் படுக்க வைத்துவிடும். இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே.

வியாழக்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நர்ஸிடம் புலம்பினேன். அவள் வாயில் துணிக் கிளிப்பைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, அண்ணன் அந்தப் பூச்சியை என்னிக்காவது முதல்ல இறக்கினாரா?"

"இல்ல."

"ஆமை உசிரோட நிக்கும்போது, அதை உள்ள கூப்பிட்டுட்டு பூச்சியை மாத்தி இறக்கினாரா?"

"அதுவும் இல்ல."

"இறக்க மாட்டார். முதல் சுத்துல இறக்கினா அதுக்கும் அடி விழும். நடுவுல மாத்தினாலும், உள்ள வர்றது நம்ம அடியை வாங்கிக்கிட்டுத்தான் வரணும். பூச்சி தாங்குமா? முன்னாடி நிக்கறது செத்தா மட்டும்தான் அடுத்தது அடி வாங்காம உள்ள வரலாம். எங்க வார்டு மாதிரிதான். கட்டில் காலியானாத்தான் புது ஆளைச் சேர்ப்போம்." கிளிப்பை எடுத்துப் போர்வையில் மாட்டினாள். "ஒவ்வொரு தடவையும் நீங்களே ஏன் கட்டிலைக் காலி பண்ணித் தர்றீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமையை அடிக்காமல் இருந்தால் போதும். இருபது நிமிஷம் அடி வாங்குவது, இளைப்பாறுவது, அடி வாங்குவது, இளைப்பாறுவது. இவர் ஜெயிக்கவில்லையென்றால் நான் போகலாம். அது இவரே வாயைத் திறந்து போட்ட நிபந்தனை.

"அதுல ஒரே ஒரு சிக்கல்தான்க்கா" என்றாள் நர்ஸ். "உங்க கை சும்மா இருக்கணும்."

அதுதான் பெரிய சிக்கல். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு சிஸ்டர் இருந்தார். தப்பு நடந்தால் திட்ட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு வகுப்பைப் பார்த்தபடி நிற்பார், செய்தவர் எழுகிற வரை. ஒரு நாள் கொக்கு சாக்பீஸை எறிந்தாள். சிஸ்டர் நின்றார். பதினாலாவது நிமிஷம் தாங்க முடியாமல் எழுந்து நான்தான் என்று ஒத்துக்கொண்டவள் நான். கொக்கு இன்றைக்கு வரை எழுந்திருக்கவில்லை. என் பொறுமையின் லட்சணம் இது.

ஆகவே வீட்டிலேயே பழகினேன். வெள்ளிக்கிழமை இவர் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார். பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை அதன்மேல் இன்னொரு துண்டு விழுந்தது. இளைப்பாறினேன். காலி தண்ணீர் பாட்டிலை மறுபடி பிரிட்ஜுக்குள் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இளைப்பாறினேன். சனிக்கிழமை சாயங்காலம் இவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, உடம்பு சரியில்லையா, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். முகத்தில் நிஜமான கவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நர்ஸ். மணி அடித்தது. ஆமை கடித்தது. பூசணி இளைப்பாறியது. ஆமை மறுபடி கடித்தது. பூசணி மறுபடி இளைப்பாறியது.

ஐந்து நிமிஷத்தில் இவர் சிரிப்பது நின்றது. எட்டாவது நிமிஷத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன் அடிக்க மாட்டேங்கறே?"

"பாவம்ங்க, வாயில்லா ஜீவன்."

"அது சண்டைக்கு வந்த ஜந்து. தாராளமா அடி."

"மனசு வரலை."

கட்டின மனைவியிடம் அடி அடி என்று ஒரு மனிதர் கெஞ்சியதை அன்றைக்குத்தான் பார்த்ததாக நர்ஸ் பிற்பாடு சொன்னாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் என் கட்டைவிரல் தானாகவே அடிக்கிற பட்டன் பக்கம் ஊர்ந்தது. இத்தனூண்டு ஆமை, மூன்றே மொத்து, எவ்வளவு ஆனந்தமாக இருக்கும். கொக்குவை நினைத்துக்கொண்டேன். விரலை இழுத்துக்கொண்டேன். அதற்கு மேல் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என்ன தெரியப் போகிறது.

"இன்னும் நாலு நிமிஷம்ண்ணே" என்றாள் நர்ஸ்.

இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

வலது பக்கம் துடைத்தார். இடது பக்கம் துடைத்தார். நான் விரலை இளைப்பாறுவதிலிருந்து எடுத்து அடிப்பதில் வைத்தேன். இருபத்துநாலு வருஷ அனுபவம். அடுத்து வரப்போவது பிரமாதம்.

மாட்டிக்கொண்டு அமுக்கினார். நானும் அமுக்கினேன். ஆமை உள்ளே போனது. சங்கீதம் முழங்க, இறக்கை நான்கும் தகதகக்க, மின்னல்ராஜா உள்ளே பறந்து வந்தது. பதினாறு நிமிஷமாக உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத என் பூசணி மெதுவாக எழுந்தது. மெதுவாக உருண்டது. மெதுவாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது.

டப்.

மீதி நாலு நிமிஷம் ஆமை வந்து கடித்தது. பூசணி இளைப்பாறியது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்றாள். அவள் குரலில் பதினாலு ஆட்டத்துச் சந்தோஷம்.

"நீ அடிக்கவே மாட்டேங்கறேன்னுதானே நான் இறக்கினேன்?" என்றார் இவர்.

"கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாமேங்க."

இவர் கை தானாக வயிற்றுப் பக்கம் போனது.

"வயித்து வலி ஒப்பந்தத்துல இல்லைண்ணே" என்றாள் நர்ஸ். கை திரும்பி மேஜைக்கு வந்தது.

ஏரி நன்றாக இருந்தது. கொக்கு இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தாள். நான் யாரோடும் சண்டை போடவில்லை. இரண்டாம் நாள் அந்தச் சாக்பீஸைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம்; அதற்குப் பெயர் சண்டை இல்லை, விசாரணை. அவள் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்து நாளும் போனை அணைத்தே வைப்பது என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே எடுத்துத் திறந்துவிட்டேன். என்ன செய்வது, என் கை அப்படி. ஒரு போன்கூட வந்திருக்கவில்லை. இவர் வாக்குத் தவறாதவர். போன்தானே கூடாது என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். முதல் நாள்: "சௌக்கியமா? பதில் போட வேண்டாம்." இரண்டாம் நாள்: "சர்க்கரை டப்பா கண்டுபிடிச்சாச்சு. அதுல இருந்தது உப்பு."

மூன்றாவது அன்றைக்குக் காலையில் வந்தது. கொக்கு அதைப் பிடுங்கி, சிஸ்டர் முன்னால் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள். எல்லோரும் கேட்டோம். யாரோ ஏரியில் ஒரு கல்லை விட்டெறிந்தார்கள். நான் போனை வாங்கித் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"கடைசிச் சட்டையும் அழுக்கு. மாடி நர்ஸ் கதவையே திறக்க மாட்டேங்கறாங்க. வாஷிங் மெஷின்ல முதல்ல எந்த பட்டனை அமுக்கணும், அதை மட்டும் சொல்லு."