கொம்பனின் மண்டபம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வளவன் எட்டாவது தடவையாகச் செத்தான்.

கம்ப்யூட்டர் திரை சிவந்துபோய், இரண்டு கொம்பும் கையில் கோடாலியுமாக ஒரு பூதம் அவனுடைய வீரனின் நெஞ்சில் கால் வைத்து நின்றது. பதினாறு மாடிப் பாதாளத்தில் எலும்புக்கூடு, சூனியக்காரி எல்லாரையும் வெட்டிச் சாய்த்துவிட்டு இறங்கி வந்தவனுக்கு, கடைசி மண்டபத்தில் இந்தக் கொம்பனிடம் மட்டும் பருப்பு வேகவில்லை.

பழைய பகை இது. தொண்ணூத்தெட்டில் வேலூரில் படித்தபோது, அறையில் கூட இருந்த மணியின் கம்ப்யூட்டரில் இதே மண்டபம் வரை வந்திருந்தான். மறுநாளே மணி கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஆறு வருஷம் கழித்து, போன மாதம், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் அதே விளையாட்டின் சிடி கண்ணில் பட்டது. பி.காம். அரியர், டைப்ரைட்டிங் ஹையர், பாதி கட்டிய மாடிப்படி என்று வளவன் முடிக்காமல் விட்டவை ஏராளம். இது ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. மனுஷனுக்கு இருக்காதா?

"இன்னாங்க, செத்துட்டேன் செத்துட்டேன்னு யார்கிட்ட சொல்றீங்க?" சமையலறையிலிருந்து மனைவி சரசு கேட்டாள்.

"ஆபீஸ் வேல."

"உங்க ஆபீஸ்ல யாரு இப்படி உறுமுறது?"

"மேனேஜர்."

மாலையே போய் ஹெட்போன் வாங்கி வந்தான். உறுமல் நின்றது. ஆனால் காதை அடைத்துக்கொண்டவனுக்குத் தன் குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று எப்படித் தெரியும்? அவன் வீரனுக்கு உயிர் ஏற வேண்டுமானால் சிவப்பு மருந்து குடிக்க வேண்டும். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சரசுவின் காதில் விழுந்தது இதுதான்:

"இன்னும் ரெண்டு பாட்டில் சிவப்பு உள்ள போனா தெம்பு வந்துடும். வாடா கொம்பா. இன்னிக்கு உன் தல, இல்ல என் தல."

சரசு துணியை அப்படியே போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில், ஒரு கட்டு வேப்பிலையோடு மாமியார் தங்கம்மாள் வந்து இறங்கினாள்.

"மாப்ள, தூக்கம் வருதா?"

"வருது அத்த."

"சோறு எறங்குதா?"

"எறங்குது."

"அப்புறம் ஏன் நாலு நாளா லீவு?"

வளவன் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். வெறும் விளையாட்டுதான் என்று நிரூபிக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொம்பனையே நேரில் காட்டினான். புத்திசாலி செய்கிற வேலையா அது? கொம்பன் உறுமிய உறுமலில் தங்கம்மாள் மடியிலிருந்த விபூதியை ஒரு கை அள்ளி கம்ப்யூட்டர் மேல் வீசினாள். உள்ளே ஃபேன் அதை அப்படியே இழுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் நாலு தடவை இருமிவிட்டு நின்றது.

அடுத்த ரெண்டு நாள் வளவன் பெட்டியைப் பிரித்துப் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் விபூதியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கறதுக்கு விபூதியே ஆகல பாத்தியா," என்றாள் தங்கம்மாள். சரசு அழ ஆரம்பித்தாள்.

பௌர்ணமி வந்தது. மலை சுற்றினால் மனசு அடங்கும் என்று இருவரும் அவனை நடுவில் விட்டுக் கிரிவலம் கூட்டிப்போனார்கள். வெறுங்காலில் பதினாலு கிலோமீட்டர். வளவனின் மனசோ கொம்பனின் மண்டபத்திலேயே இருந்தது. அங்கேயும் நடுவில் ஒரு பெரிய கல்தூண். கொம்பன் துரத்தும்போது அந்தத் தூணைச் சுற்றி ஓடி, சமயம் பார்த்து வெட்ட வேண்டும். தான் சுற்றியது பத்தவில்லை என்று நடக்க நடக்க அவனுக்குத் தோன்றியது.

"இன்னும் ஜாஸ்தி சுத்தணும், வேகமா சுத்தணும்," என்று வாய்விட்டே சொன்னான்.

"வழிக்கு வந்துட்டாரு," என்று தங்கம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தவன் கால்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தூணைச் சுற்றினான், சுற்றினான், அப்படிச் சுற்றினான். பன்னிரண்டாவது தடவையும் செத்தான்.

சரசு பையை எடுத்து வைத்துப் புடவைகளை அடுக்கினாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

 சரசு இல்லாமல் வளவனால் ஒரு நாள் இருக்க முடியாது, அது சத்தியம். கொம்பனை விடவும் முடியவில்லையே.

"ஒரே ஒரு தடவ அவன வெட்டிட்டேன்னா, நானே சிடிய உடைச்சுப் போட்டுடறேன் சரசு."

"இவரு பேசல, அது பேசுது," என்றாள் தங்கம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து பூசாரி தருமனை வரவழைத்தாள். அந்தப் பக்கத்தில் பேய் ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பூசாரி ஒரு சொம்பு மோரைக் குடித்து முடித்துவிட்டு விசாரித்தார்.

"ஆளு எப்படி இருப்பான்?"

"செவப்பா, ரெண்டு கொம்பு வெச்சிக்கினு."

"கைல கோடாலியா?"

"ஆமாங்க."

"நடுவுல ஒரு கல்தூண் நிக்குமே?"

தங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாக்காமலே சொல்றாரு பாரு," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அவரும் மட்டும் உள்ள இருக்கணும்," என்று பூசாரி கதவைச் சாத்தினார். வெளியே சரசு பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"எப்பவும் போல ஒரு தடவ உள்ள போங்க, பாக்கறேன்," என்றார் பூசாரி.

வளவன் மண்டபத்துக்குள் போனான். தூணைச் சுற்றினான். செத்தான். இப்போது முதுகில் வேப்பிலை அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் விழவில்லை. பூசாரி வேப்பிலையைத் தரையில் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷத்துல ஓட்டிடலாம்மா, பைய உள்ள வெச்சிடு," என்று கதவைப் பார்த்துச் சொன்னார். பிறகு வளவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மலையச் சுத்தற பழக்கத்துல வலமாவே சுத்தறீங்க சார். நானும் அப்படியே சுத்தி முப்பது தடவ செத்தேன். இவன மட்டும் இடமா சுத்தணும்."