டெபாசிட் அங்கிளுக்கு ஒரு பெயர் உண்டு

ஏப்ரல் மாத இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எங்கள் அமெரிக்க ஊரான பார்சிப்பனியின் தமிழ்ப் புத்தாண்டு விழாவில் டெபாசிட் அங்கிள் தம் நான்காவது தோல்விக்கான ஏற்பாடுகளைத் தொடங்கினார். தோல்வியை அவரளவு ஒழுங்காகத் திட்டமிட்ட மனிதர் அமெரிக்காவிலேயே இல்லை.

டவுன் கவுன்சிலுக்கு மூன்று முறை நின்றவர். இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராதவர். அவருடைய கட்சிக் கிளை முழுவதும் ஒரு மினிவேனில் அடங்கும். இரண்டு இருக்கைகள் மிஞ்சும். கோரிக்கையும் ஒன்றே: கடைக்கும் கோயிலுக்கும் ஒரு டவுன் பஸ். கார் ஓட்டத் தெரியாமல் பிள்ளைகளின் வீட்டில் சோபாவோடு சோபாவாகக் கிடக்கும் பெற்றோர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்பார். பெரிய கட்சிகளுக்கு நாட்டைக் காப்பாற்றும் வேலை இருந்ததால், பஸ்ஸைப் பற்றிப் பேச நேரம் வாய்க்கவில்லை.

சின்னக் கட்சி வேட்பாளர் வாக்குச்சீட்டில் ஏறுவதற்கே வாக்காளர்களிடம் கையெழுத்துத் திரட்ட வேண்டும். ஆகவே சாப்பாட்டு வரிசையை ஒட்டி அவர் தாளும் பேனாவுமாக நின்றார்.

“என்ன அங்கிள், இந்தத் தடவையாவது டெபாசிட் திரும்ப வருமா?” என்றார், வடையோடு வந்த கணேசன்.

“இந்த நாட்டுல டெபாசிட்டே கிடையாதுய்யா. மானம் மட்டும்தான் போகும். சைன் பண்ணு.”

“சைன் பண்றேன். ஓட்டு மட்டும் கேக்காதீங்க. உங்களுக்குப் போட்டு வேஸ்ட் பண்ணா அந்தாளு வந்துருவான்.”

“எந்தாளு?”

“பேர் டக்னு வரல. ஆனா கண்டிப்பா வந்துருவான்.”

வடையின் எண்ணெயோடு கையெழுத்துகள் சேர்ந்தன. ஆனால் ஜூன் மாதம் அந்தக் கையெழுத்துகளின் மேல் ஆட்சேபம் வந்து, தேர்தல் அதிகாரி முன் விசாரணை நடந்தது. எதிலும் ஒத்துப்போகாத இரு பெரிய கட்சிகளின் வழக்கறிஞர்களும் அன்று ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். “லிட்ரேச்சர் படிக்கிற பொண்ணு, யார் கையெழுத்தும் உனக்குப் புரியும், வாம்மா” என்று அங்கிள் என்னையும் அழைத்துச் சென்றிருந்தார்.

“தாளில் எம். கணேசன். வாக்காளர் பட்டியலில் கணேசன் முத்தையா. இந்த எம் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஒரு வழக்கறிஞர்.

“அவருடைய அப்பா” என்றார் அங்கிள்.

“அப்பாவும் கையெழுத்திட்டாரா?”

“இல்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆயிற்று.”

இரு கட்சிகளும் முதன்முறையாக ஒரே சமயத்தில் புன்னகைத்தன. இறந்தவர் பெயரில் கையெழுத்து என்ற சந்தேகம் குறிப்பில் ஏறியது. எங்கள் அப்பாக்கள் காலங்காலமாகப் பெயருக்கு முன்னால் நின்றவர்கள். இங்கே பின்னால் நிற்க வேண்டும் என்பது வடை தின்றவர்களுக்கு நினைவில்லை. பழக்கத்தில் இனிஷியல் போட்டவர்கள் எல்லோரும் அடிபட்டார்கள். மிஞ்சியவை போதவில்லை. அச்சிட்ட வாக்குச்சீட்டில் அவருக்கு இனி இடமில்லை. விரும்புகிறவர்கள் அவர் பெயரைத் தாங்களே எழுதி வாக்களிக்கலாம் என்றார் அதிகாரி, பெரிய சலுகை தருபவர்போல.

வாட்ஸ்அப் குழுவில் கணேசன் அதற்குள் எழுதியிருந்தார்: “எலெக்‌ஷனுக்கு முன்னாடியே டெபாசிட் காலி!” சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

கார் நிறுத்துமிடத்தில் நான் சொன்னேன்: “எல்லாரையும் எழுதச் சொல்லலாம், அங்கிள்.”

“எழுதலாம்தான். என்னன்னு எழுதுவாங்க?”

“டெபா…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“உனக்குமா தெரியாது?” என்றார். மூன்று தேர்தல்களில் அச்சான பெயர் அது. அந்த வரிசைவரை எங்களில் ஒருவர் கண்ணும் இறங்கியதில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“சொக்கநாதன்” என்றார், புதிதாக அறிமுகமாகிறவரைப் போல.

மறுநாள் காலை இந்திய மளிகைக் கடை வாசலில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்: “சொக்கநாதன். இங்கிலீஷ்ல எழுதுறப்ப ‘டி’க்கு அப்புறம் ‘எச்’ வரும் ஆன்ட்டி, விட்றாதீங்க.”